பேஸ் கிட்டாருக்கு வீட்டிலேயே பிக்கப்: முதல் முயற்சிக்கு இரண்டு சிறு காயில்கள்

உங்கள் கேள்வி இது. கையில் விலை குறைந்த நான்கு ஸ்ட்ரிங் பேஸ் இருக்கிறது, ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங் அதிரும் நீளம், 34 அங்குலம். பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய கம்பிக் காயிலும் சேர்ந்து, ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம். உங்கள் பேஸில் உள்ள ஒற்றைக் காயில் பிக்கப் ஓயாமல் ஹம், அதாவது "ம்ம்" என்ற மின்சார இரைச்சல், அடிக்கிறது, சத்தமும் மெலிவாக இருக்கிறது. புதிது வாங்காமல் நீங்களே ஒன்றைச் செய்ய நினைக்கிறீர்கள். "42 கேஜ் கம்பி, 10,000 சுற்று" என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அந்தக் கம்பி இங்கே கிடைக்குமா, என்ன காந்தம் போடுவது, கையால் சுற்ற முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். முதலில் சுற்றுபவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: நான்கு ஸ்ட்ரிங்குக்கும் சேர்த்து ஒரே நீளக் காயில் வேண்டாம். ஆளுக்கு இரண்டு ஸ்ட்ரிங்காக இரண்டு சிறு காயில்கள் சுற்றுங்கள். சுற்றின் எண்ணிக்கையையும் 10,000-லிருந்து 8,000-க்கு இறக்குங்கள். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

முதலில் ஹம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தாழ்ந்த இ ஸ்ட்ரிங் 41.2 ஹெர்ட்ஸ். அதே ஸ்ட்ரிங்கில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் ஜி, அது 49 ஹெர்ட்ஸ். நான்காவது ஃப்ரெட் 51.9. மின்சார ஹம் சரியாக இந்த இரண்டு சுரங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சாதாரண கிட்டாரில் அடிப்பகுதியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு ஹம்மைக் குறைக்கலாம். பேஸில் அப்படி வெட்டினால் பேஸே போய்விடும். ஆகவே ஹம்மை வடிகட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அது உள்ளே வரும்போதே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒழிய வேண்டும்.

அதற்கான வழி எழுபது வருடப் பழையது. கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் இரட்டைக் காயில் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஒரு காயில் ஒரு திசையில், மற்றது எதிர்த் திசையில். வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில், ஆனால் எதிரெதிராக உண்டாகி ரத்தாகிவிடும். ஸ்ட்ரிங்கின் ஒலியும் அதோடு ரத்தாகிவிடாமல் இருக்க, ஒரு காயிலில் காந்தத்தின் வட துருவமும் மற்றதில் தென் துருவமும் மேலே பார்க்கும். லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951-இல் வந்தபோது ஒற்றைக் காயில்தான், ஸ்ட்ரிங்குக்கு ஒரு காந்தம். 1957-இல் அதை இரண்டாகப் பிளந்தார்கள். இ, ஏ ஸ்ட்ரிங்குகளுக்கு ஒரு காயில், டி, ஜி-க்கு ஒரு காயில். ஸ்ட்ரிங்குக்கு நேர் கீழே ஒன்று என்பதற்குப் பதிலாக இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு காந்தங்கள். இன்றும் உலகில் அதிகம் கேட்கும் பேஸ் ஒலிகளில் ஒன்று அதுதான்.

வீட்டில் செய்பவருக்கு இந்த அமைப்பு வேறு வகையிலும் வசதி. காயில் சிறியது. ஏழாயிரமாவது சுற்றில் உள்ளே கம்பி பழுதானால் பாதி பிக்கப்தான் வீண். நீளக் காயிலில் பக்கவாட்டுச் சுற்று தளர்ந்து வயிறு தள்ளும், சின்னதில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. இரண்டு பாதியையும் பிரிசிஷன் பேஸ் போல முன்பின்னாக வையுங்கள். ஒரே நேர்க்கோட்டில் வைத்தால் நடுவில் இரண்டு காயில்களின் தடிமனுக்கும் இடம் போதாது. உங்கள் கிட்டாரில் ஏற்கெனவே இருக்கும் நீளமான குழியை அதற்கேற்ப அகலப்படுத்த வேண்டியிருக்கும்.

இனி சுற்று எண்ணிக்கை. பிக்கப்பைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஓம் கணக்கை, அதாவது கம்பியின் மின்தடையை, சொல்வார்கள். மல்டிமீட்டரில் அளக்க எளிது என்பதால் அது பெரிய விஷயமாகிவிட்டது. ஒலியின் நிறத்தை முடிவு செய்வது வேறு ஒன்று. காயிலுக்குத் தூண்டல் திறன் உண்டு, அதை ஹென்றியில் அளப்பார்கள். காயிலுக்குள்ளும், ஆம்ப் (ஒலிபெருக்கி) வரை போகும் கேபிளுக்குள்ளும் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் திறன், உண்டு. இரண்டும் சேர்ந்து ஏதோ ஒரு அதிர்வெண்ணில் ஒரு மேட்டை உண்டாக்கும். அந்த மேட்டுக்கு மேலே உள்ள ஒலி சரசரவென்று இறங்கிவிடும். மேடு எங்கே விழுகிறது என்பதுதான் ஒரு பிக்கப் "இருட்டாக" கேட்கிறதா "வெளிச்சமாக" கேட்கிறதா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

கணக்கு போட்டே பார்ப்போம். பத்தாயிரம் சுற்றுள்ள இரண்டு காயில்களும் தொடராகச் சேர்ந்தால் சுமார் 6 ஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிளும் காயிலும் சேர்ந்து 600 பிக்கோஃபாரட். மேடு 2,650 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். தூண்டல் திறன் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். 8,000 சுற்றுக்கு இறங்கினால் 6 ஹென்றி 3.84 ஆகிறது, மேடு 3,300 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. சத்தத்தில் இழப்பு 2 டெசிபெல்கூட இல்லை. ஆம்பில் வால்யூமை ஒரு இழை ஏற்றினால் சரியாகிவிடும். ஆனால் விரல் ஸ்ட்ரிங்கைத் தொடும் சத்தம், ஃப்ரெட்டில் உலோகம் படும் சத்தம் எல்லாம் தெளிவாக வந்துவிடும். இருட்டான ஒலி வேண்டுமென்றால் டோன் நாபைத் திருப்பிக்கொள்ளலாம். காயிலிலேயே தொலைந்துபோன உச்ச ஒலியை எந்த நாபும் திருப்பித் தராது. அதனால்தான் 8,000.

கம்பிக்கு வருவோம். இங்கே முதலிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். நீங்கள் படித்த "42 கேஜ்" அமெரிக்க அளவு, ஏ.டபிள்யூ.ஜி. அதன் செம்பு விட்டம் 0.063 மி.மீ. நம் ஊர்க் கடைகளில் வைண்டிங் வயர் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவான எஸ்.டபிள்யூ.ஜி.யில்தான் பேசப்படும். கடையில் போய் "42 கேஜ் கொடுங்கள்" என்றால் 0.10 மி.மீ. கம்பி கையில் வரும். அதன் குறுக்குப் பரப்பு நமக்குத் தேவையானதைவிட இரண்டரை மடங்கு. கம்பியைச் சுற்றும் சட்டமான பாபின் நிரம்பிவிடும், பாதிச் சுற்றுகூட ஏறியிருக்காது. நீங்கள் கேட்க வேண்டியது 46 எஸ்.டபிள்யூ.ஜி. அது 0.061 மி.மீ., தலைமுடிக்குச் சமம். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் இவ்வளவு மெல்லியது பொதுவாக இருக்காது. ரிலே, சிறு சொலினாய்டு சுற்றுபவர்களிடமோ, வைண்டிங் வயர் மட்டும் விற்கும் மொத்தக் கடையிலோ, இணையத்திலோ கேளுங்கள். வாங்கும்போது சோல்டர் ஏற்கும் பாலியூரித்தேன் பூச்சா என்று விசாரியுங்கள். அந்தப் பூச்சு சோல்டர் இரும்பின் சூட்டிலேயே உருகி விலகும். மற்ற வகைப் பூச்சுகளை உப்புத்தாளில் சுரண்ட வேண்டும், இவ்வளவு மெல்லிய கம்பியைச் சுரண்டும்போது அறுந்துபோவது சகஜம்.

எவ்வளவு கம்பி வேண்டும்? ஒரு பாதிக்கு நான்கு காந்தங்கள், ஒவ்வொன்றும் 5 மி.மீ. விட்டம். உங்கள் கிட்டாரில் பிக்கப் உட்காரப் போகும் இடத்தில் ஸ்ட்ரிங் இடைவெளியை அளந்து பாருங்கள். பிரிட்ஜில், அதாவது ஸ்ட்ரிங்குகள் உடலில் ஊன்றும் இடத்தில், அளந்தது இங்கே பொருந்தாது, ஸ்ட்ரிங்குகள் நெக் பக்கம் போகப் போக நெருங்கும். அது 18 மி.மீ. என்றால் காந்தங்களை 9 மி.மீ.க்கு ஒன்றாக வைத்தால் போதும், ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் தன் இரண்டு காந்தங்களுக்கு நட்டநடுவில் ஓடும். காந்த வரிசையின் நீளம் 32 மி.மீ. அதைச் சுற்றி ஒரு முறை வந்தால் 70 மி.மீ. காயில் தடிக்கத் தடிக்க இது நீளும், சராசரி 86 மி.மீ. என்று வையுங்கள். 8,000 சுற்றுக்குக் கிட்டத்தட்ட 690 மீட்டர். இந்தக் கம்பி மீட்டருக்கு 5.9 ஓம். ஆக ஒரு பாதி 4.1 கிலோ ஓம், இரண்டும் சேர்ந்து 8.1. எடையில் பார்த்தால் இரண்டுக்கும் 40 கிராம் செம்புகூட ஆகாது. 100 கிராம் ஸ்பூல் ஒன்று வாங்கினால் தவறுக்கும் இடம் இருக்கும்.

காந்தம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வழக்கமானது அல்நிக்கோ 5. இரும்போடு அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்தது. 5 மி.மீ. விட்டம், 17 அல்லது 18 மி.மீ. நீளத் தண்டுகள் எட்டு வேண்டும். எளிதில் கிடைக்கும் நியோடிமியத்தை நேராகத் தண்டாகப் போட வேண்டாம். அது ஸ்ட்ரிங்கைத் தன் பக்கம் இழுக்கும். அதிர்வு சீராக இராது, சுரம் தள்ளாடும், ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். அல்நிக்கோ கிடைக்கவில்லையென்றால் 5 மி.மீ. மைல்டு ஸ்டீல் தண்டுகளை வைத்து, அடியில் ஒரு ஃபெரைட் பட்டைக் காந்தத்தை ஒட்டுங்கள். ஃபெரைட் மலிவு, நல்ல ஒலியும் தரும். ஒன்று மட்டும் கவனம்: ஸ்டீல் காந்தப் புலத்தை அல்நிக்கோவைவிட எளிதாகக் கடத்தும், அதனால் காயிலின் தூண்டல் திறன் ஏறிவிடும். அப்படிச் செய்தால் 8,000 வேண்டாம், 7,000 போதும்.

தண்டுகளைக் காந்தம் ஏற்றாமல் வாங்க முடிந்தால் அப்படியே வாங்குங்கள். ஒரே துருவம் மேலே பார்க்கும் நான்கு காந்தங்கள் ஒன்றையொன்று தள்ளும், தட்டில் பொருத்தும்போது எரிச்சலூட்டும். காந்தம் ஏறாத தண்டுகளை வைத்துக் காயிலைச் சுற்றி முடித்துவிட்டு, பிறகு இரண்டு பெரிய நியோடிமியம் கட்டிகளின் எதிரெதிர்த் துருவங்களுக்கு நடுவே ஒவ்வொரு காயிலையும் ஒரு முறை நுழைத்து எடுத்தால் அதிலுள்ள நான்கும் காந்தமாகிவிடும். எந்தத் துருவம் மேலே வேண்டும் என்பதும் உங்கள் கையில். கட்டிகளைக் கையாளும்போது விரல் நடுவில் மாட்டாமல் பாருங்கள். அந்த அடி மோசமாக இருக்கும்.

பாபினுக்கு இரண்டு தட்டுகள் வேண்டும். பழைய அமெரிக்க பிக்கப்புகளில் வல்கனைஸ்டு ஃபைபர் அட்டை இருக்கும். இங்கே செம்பு இல்லாத கிளாஸ் எப்பாக்ஸி போர்டு 1.6 மி.மீ. தடிமனில் கிடைக்கிறது, அது தங்கமாக உழைக்கும். செம்பு பூசியதுதான் கிடைத்தது என்றால் செம்பை முழுக்கக் கரைத்து எடுங்கள், அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி உச்ச ஒலியைத் தின்னும். இரண்டு சன்மைக்காத் துண்டுகளை முதுகோடு முதுகாக ஒட்டியும் செய்திருக்கிறேன், சுமாராக வரும். மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே நேரத்தில் துளையிடுங்கள். தனித்தனியாகப் போட்டால் காந்தங்கள் சாய்ந்து நிற்கும். துளை 4.9 மி.மீ. இருந்தால் தண்டு இறுக்கமாக இறங்கும், அடியில் ஒரு சொட்டு எப்பாக்ஸி. தட்டுகளுக்கு நடுவே 11 மி.மீ. இடைவெளி.

நேரம் முழுக்க எங்கே செலவழிக்கலாம் என்று கேட்டால் இங்கேதான் என்பேன். தட்டின் உள்விளிம்பை முதலில் அரத்தாலும், பிறகு 400, 800 உப்புத்தாளாலும் தேயுங்கள். நகத்தால் வருடிப் பார்த்தால் எங்கேயும் தட்டக் கூடாது. என் ஆரம்பக் காயில்களில் அறுந்தவற்றைப் பிறகு எண்ணிப் பார்த்தேன். பெரும்பாலானவை விளிம்பிலிருந்த கண்ணுக்குத் தெரியாத பிசிறில்தான் அறுந்திருந்தன. கையின் பழக்கமின்மை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். விளிம்பைத் தேய்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கிய பிறகு அறுவது அரிதாகிவிட்டது.

அப்புறம் காந்தத்தின்மேல் காப்பு. அல்நிக்கோவில் இரும்பு இருக்கிறது, துருப்பிடிக்கும். முதல் சுற்று காந்தத்தை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால், துரு மெல்லக் கம்பியின் பூச்சைத் தின்று கம்பியை அறுத்துவிடும். பழைய பிக்கப்புகள் செத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடற்கரை ஊரில் இருந்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். காந்தங்களுக்கு வார்னிஷ் ஒரு கோட் அடித்து உலர்த்தி, வரிசை முழுவதையும் சேர்த்து மெல்லிய பாலியெஸ்டர் டேப்பால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். சுற்றுவதற்கு மழமழப்பான தளமும் கிடைத்துவிடும்.

இனி சுற்றும் இயந்திரம். இதற்காகப் பெரிய ஏற்பாடு வேண்டாம். பழைய தையல் மெஷின் மோட்டாரும் அதன் கால் பெடலும் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. காலால் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம், இரண்டு கையும் கம்பிக்கு. ஒரு மரத் தட்டில் டபுள் சைடு டேப்பால் பாபினை ஒட்டி, தட்டை மோட்டார் தண்டில் பொருத்துங்கள். எண்ணுவதற்குச் சாதாரணக் கால்குலேட்டர் போதும். 1, கூட்டல், சமம் என்று அழுத்தி, பிறகு சமக்குறிப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் 2, 3, 4 என்று ஏறும். அந்தப் பொத்தானின் இரண்டு முனைகளுக்கும் ஒரு ரீட் சுவிட்சை (காந்தம் அருகில் வந்தால் இணையும் சுவிட்ச்) இணைத்து, சுழலும் தட்டில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டினால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று ஏறும். வேகம் கூடினால் கால்குலேட்டர் சில சுற்றுகளை விட்டுவிடும், ஆகவே நிமிடத்துக்கு 300 அல்லது 400 சுற்றோடு நிற்கவும். அந்த வேகத்தில் ஒரு பாதிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

ஸ்பூலைச் சுழல விடாதீர்கள். தரையில் நிமிர்த்தி வையுங்கள், கம்பி அதன் தலைப்பக்கமாக உருவி மேலே வரட்டும். சுழலும் ஸ்பூல் திடீரென்று சிக்கினால் அந்த இழுப்பிலேயே கம்பி போய்விடும். கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கம்பளித் துணித்துண்டில் பிடித்து ஓட விடுங்கள். இந்தக் கம்பி சுமார் 65 கிராம் எடை தொங்கினாலே அறுந்துவிடும். 20 கிராம் இழுவிசை சரியாக இருக்கும். அது எவ்வளவு என்று தெரிய, 20 கிராம் எடையை ஒரு துண்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு விரலால் உணர்ந்து பாருங்கள். ரொம்ப இறுக்கினால் கம்பி நீண்டு மெலியும், ஓம் கணக்கு ஏறும். ரொம்பத் தளர்த்தினால் காயில் பஞ்சு போலாகும், அந்தச் சுற்றுகள் அதிர்ந்து, பிக்கப்பில் தட்டினாலே மைக் போலச் சத்தம் கேட்கும்.

சுற்றை நூல்கண்டுபோல ஒழுங்காக அடுக்க முயல வேண்டாம். கையை மேலும் கீழுமாக மெதுவாக அசைத்துக்கொண்டே போங்கள், நடுப்பகுதி மட்டும் தடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சற்றுக் கலைந்த சுற்றில் காயிலின் உள் கெப்பாசிட்டன்ஸ் கொஞ்சம் குறையும். அது நமக்கு நல்லதே. நடுவில் கம்பி அறுந்தால் பதற வேண்டாம். எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு முனைகளையும் முறுக்கி, ஒரு சின்னப் பொட்டு சோல்டர் வைத்து, மேலே ஒரு துணுக்கு டேப் ஒட்டிவிட்டுத் தொடருங்கள். ஒலியில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

இரண்டு பாதியையும் ஒரே திசையில் சுற்றுங்கள். எதிர்த் திசை வேண்டுமே என்று குழம்ப வேண்டாம், அதை இணைப்பில் செய்துவிடலாம். இரண்டு காயில்களின் வெளிமுனைகளையும் ஒன்றோடொன்று சோல்டர் செய்யுங்கள். உள்முனைகளில் ஒன்று எர்த்துக்கு, மற்றது வால்யூமுக்கு. இப்போது மின்னோட்டப் பாதை ஒரு காயிலில் வலம், மற்றதில் இடம். காந்தங்களும் ஒரு பாதியில் வடக்கு மேலே, மற்றதில் தெற்கு மேலே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் ஒரே ஒரு காயிலைத்தான் பார்க்கிறது என்பதால், காந்தத்தை மாற்ற மறந்தாலும் ஹம் அடங்கிவிடும். ஆனால் ஏ ஸ்ட்ரிங்கும் டி ஸ்ட்ரிங்கும் எதிர்க் கட்டத்தில் நிற்கும், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும். இரண்டையும் சேர்த்து மீட்டும்போது ஒலி மெலியும். ஒரு சாதாரணத் திசைகாட்டியை மேலே காட்டினால் துருவம் தெரிந்துவிடும், அளந்தே வேலையை முடியுங்கள்.

சுற்றுகள் அதிராமல் இருக்கக் கடைசியில் காயிலை மெழுகில் ஊறவைப்போம். அதற்கு முன் சோதியுங்கள். மெழுகு ஏறிய பிறகு திருத்துவது கடினம். ஓம் அளவு கணக்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று 3 சதவீதத்துக்குள். பாதிக்கு 4.1 வர வேண்டிய இடத்தில் 3 வந்தால் உள்ளே எங்கோ சுற்றுகள் குறுக்காகியிருக்கின்றன. வெளிநாட்டு அட்டவணைகளோடு ஒப்பிடும்போது வெயிலையும் கணக்கில் வையுங்கள். செம்பின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 8.1 கிலோ ஓம் காட்டும் காயில், நம் ஊரில் 33 டிகிரியில் 8.5 காட்டும். பிறகு ஒரு முனை காந்தத்தோடு தொடர்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருக்கக் கூடாது. ஆம்பில் இணைத்து, காந்தத்தின்மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை மெதுவாகத் தட்டினால் "டக்" என்று கேட்க வேண்டும். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் கொண்டுபோய் ஹம்மைக் கேளுங்கள். ஒரு பாதியை மட்டும் இணைத்தபோது இருந்ததைவிட இரண்டும் சேர்ந்தால் வெகுவாகக் குறைய வேண்டும். கூடினால், ஒரு காயிலின் முனைகளை மாற்றிப் போடுங்கள்.

இன்னும் ஆர்வம் இருந்தால் அந்த மேடு எங்கே விழுந்திருக்கிறது என்பதை நேராகவே பார்க்கலாம். கொஞ்சம் தடித்த கம்பியில் 50 சுற்றுள்ள ஒரு வளையம் செய்து, 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக மொபைலின் ஹெட்போன் வெளியீட்டில் இணையுங்கள். வளையத்தைப் பிக்கப்பின்மேல் வைத்து, ஒலி உண்டாக்கும் செயலியில் 100 ஹெர்ட்ஸிலிருந்து 10,000 வரை மெல்ல ஏற்றுங்கள். பிக்கப்பை உங்கள் வழக்கமான கேபிள் வழியாகவே, கிட்டாருக்கான உள்ளீடு உள்ள சவுண்ட் கார்டில் பதிவு செய்யுங்கள். ஒலி அளவு ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் உச்சம் தொட்டு விழும். அதுதான் மேடு. கேபிளை மாற்றிப் பாருங்கள், மேடும் நகரும். முதன்முதலில் இதைப் பார்த்த நாளில் எனக்குப் பிக்கப் பற்றி இருந்த பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மெழுகு: பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. நேரடி நெருப்பில் வைக்கவே கூடாது. பெரிய பாத்திரத்தில் வெந்நீர், அதற்குள் சிறு பாத்திரத்தில் மெழுகு, ஒரு தெர்மாமீட்டர், சூடு 65 டிகிரி. காயிலை முக்கினால் காற்றுக் குமிழிகள் வரும், அவை நிற்கும்வரை, அதாவது 15, 20 நிமிடம் விடுங்கள். எடுத்துத் துடைத்து, ஆறிய பிறகு மேலே துணி டேப்போ பருத்தி நூலோ ஒரு சுற்று. அடுப்பை விட்டு நகராதீர்கள்.

கிட்டாரில் எந்த இடத்தில் வைப்பது என்பதும் காயிலுக்குச் சமமாக ஒலியை மாற்றும். ஸ்கேல் 864 மி.மீ. அதில் ஐந்தில் ஒரு பங்கு 173. பிரிட்ஜிலிருந்து அந்தத் தூரத்தில் பிக்கப் இருந்தால், திறந்த ஸ்ட்ரிங்கின் ஐந்தாவது துணைச்சுரம் (அடிச்சுரத்தின் ஐந்து மடங்கு அதிர்வெண்) அதற்குக் கேட்காது, அங்கே அது அசைவதே இல்லை. பிரிட்ஜுக்கு நெருங்க நெருங்க அடிச்சுரம் மெலிந்து, மூக்கில் பேசுவது போன்ற குரல் வரும். உங்கள் குழி ஏற்கெனவே இருக்கும் இடத்தில் முதலில் பாருங்கள். வேறு இடம் வேண்டுமென்று தோன்றினால், மரத்தில் உளியை வைக்கும் முன், ஒரு மரப்பட்டையில் பிக்கப்பைக் கட்டி, ஸ்ட்ரிங்குகளுக்கு மேலே தலைகீழாகப் பிடித்து நகர்த்திக் கேளுங்கள். துருவம் மேலிருந்து பார்த்தாலும் அது வேலை செய்யும்.

இணைப்புக்கு 250 கிலோ ஓம் வால்யூம், அதே அளவு டோன், 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். குழி முழுக்கச் செம்புத் தாள் ஒட்டி எர்த் செய்யுங்கள். காயில்கள் ரத்து செய்வது காந்தப் புலமாக வரும் ஹம்மை மட்டும்தான். எல்.இ.டி. விளக்கு, சார்ஜர் வகையறா அனுப்பும் "ஜ்ஜ்" என்ற சத்தத்துக்குச் செம்புத் தாள்தான் மருந்து.

தலைமுடிக் கம்பி உங்கள் கைக்கு ஒத்துவரவே இல்லை என்றாலும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் அலெம்பிக் நிறுவனம் பேஸுக்குக் குறைந்த சுற்றுள்ள காயிலும், கிட்டாருக்குள்ளேயே ஒரு ப்ரீஆம்பும் (ஆம்புக்குப் போகும் முன் ஒலியை ஏற்றும் சிறு சர்க்யூட்) வைத்துப் பெயர் வாங்கியது. தவறுதலாக வாங்கிய அந்த 42 எஸ்.டபிள்யூ.ஜி. கம்பியை இதற்குப் பயன்படுத்தலாம். பாதிக்கு 2,500 சுற்று. தடை 450 ஓம் அளவில் நிற்கும், சத்தம் மூன்றில் ஒரு பங்காகும். 9 வோல்ட் பேட்டரியும் டி.எல்.072 ஐசியும் கொண்ட சிறு ப்ரீஆம்ப் 10 டெசிபெல் ஏற்றிக் கொடுத்தால் ஈடாகிவிடும். மேடு 10,000 ஹெர்ட்ஸைத் தாண்டிப் போவதால் ஒலி மிகத் தெளிவாக, கண்ணாடி போல இருக்கும். எல்லோருக்கும் பிடிக்காது, கட்டைவிரலால் ஸ்ட்ரிங்கை அடித்து ஸ்லாப் வாசிப்பவர்களுக்குப் பிடிக்கும். இந்தக் கம்பி கையில் எளிதில் அறுவதும் இல்லை.

கடைசியில் உயரம். ஜி ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்தால் ஸ்ட்ரிங்குக்கும் காந்தத்துக்கும் நடுவே 2 மி.மீ., இ ஸ்ட்ரிங்குக்கு 3 மி.மீ. அங்கிருந்து ஆரம்பித்துக் காதால் கேட்டு மாற்றுங்கள். இரண்டு பாதியும் தனித்தனி என்பதால், ஸ்ட்ரிங்குகளின் சத்தம் சமமாகும்வரை ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றி இறக்கலாம். மூடும் முன், காயிலின் அடித்தட்டில் சுற்று எண்ணிக்கை, கம்பி அளவு, ஓம், அன்றைய வெப்பநிலை நான்கையும் மார்க்கரால் எழுதிவையுங்கள். அடுத்ததை 7,500 சுற்றுவதா 9,000 சுற்றுவதா என்று முடிவெடுக்க அந்த எண்கள் தேவைப்படும்.